பந்தல் பிரித்த மறுநாள்: டீச்சர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கூட்டங்களைப் பற்றியவை. கன்வென்ஷன், எழுப்புதல் கூட்டம், உபவாச ஜெபம் என்று நம் பக்கத்துச் சபைகள் திட்டம் போடுகிற நேரம் இது. 1979ல் வேலை கிடைத்துக் காரைக்குடிக்கு வந்த நாளிலிருந்து, நோட்டீஸ் கொடுப்பது முதல் நாற்காலி துடைப்பது வரை எல்லா வேலையும் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

டீச்சர் அம்மாவுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபைக்கு இது ஐம்பதாவது வருஷம். மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் வைக்கப்போகிறோம். போன தடவை மேடை, லைட், வெளியூர்ச் செய்தியாளர் (பிரசங்கியார்) என்று 1,80,000 ரூபாய் செலவானது. கடைசி நாள் எழுபது பேர் இயேசுவை ஏற்றுக்கொள்வதாகக் கை தூக்கினார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஒரு புதுமுகம்கூட இல்லை. இந்தத் தடவை எதை மாற்றுவது?
— வாலிபர் சங்கச் செயலாளர், காரைக்குடி

தம்பி, அந்த எழுபது பேருடைய பெயரும் தெருவும் இப்போது யாரிடம் இருக்கின்றன? மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அதைத் தேடி எடுங்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1991ல் எங்கள் சபையிலும் இதே மாதிரி மூன்று நாள் கூட்டம் நடத்தினோம். நல்ல கூட்டம், நல்ல செய்தி. கடைசி நாள் அட்டை கொடுத்து, பெயர், முகவரி, ஜெபக் குறிப்பு எழுதி வாங்கினோம். இரண்டரை வருஷம் கழித்து, கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்க வெஸ்ட்ரி (கோயிலை ஒட்டிய அறை) பீரோவை நகர்த்தியபோது அந்த அட்டைக் கட்டு கிடைத்தது. சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் உருகி மேல் அட்டையில் ஒட்டிப்போயிருந்தது. உட்கார்ந்து எண்ணினேன். 63 அட்டைகள். ஒன்றைக்கூட யாரும் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. அதில் ஒன்று பென்சிலில் எழுதியது: 'என் மகன் என்னோட பேசுறதில்லை. யாராவது வந்து ஜெபம் பண்ணணும். சாயங்காலம் வீட்டில் இருப்பேன்.'

அன்று சாயங்காலமே போனேன். வீடு பூட்டியிருந்தது. அந்த அம்மா பங்குனியில் இறந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மகன் காரியத்துக்கு மட்டும் வந்து போனானாம். சாயங்காலம் வீட்டில் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்தவர், எத்தனை சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் அந்தப் பென்சில் எழுத்து எனக்கு ஞாபகம் வரும்.

அதற்குப் பிறகு நாங்கள் அட்டை கொடுப்பதை விட்டோம். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டோம். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், தெரு, எந்த நேரம் வீட்டில் இருப்பார், அவர் வாயால் சொன்ன கவலை என்ன, அவரைப் பார்க்கப் போகிற இரண்டு பேர் யார். அந்த இரண்டு பேர் கூட்டத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். பந்தல் பிரித்த மறுநாளே போக ஆரம்பிக்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் அவருக்கும் கூச்சம் வந்துவிடும், நமக்கும் சோம்பல் வந்துவிடும். பெண்களைப் பார்க்கப் பெண்கள் போகட்டும். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் போய் நிற்காதீர்கள். இனி வரவேண்டாம் என்று அவர் சொன்னால், வாசலிலேயே வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி விடுங்கள். வீட்டில் இருந்து ஜெபித்தால் போதும். நாற்பது நாள் இப்படி நடந்து பாருங்கள்.

அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரஹாம் 1956ல் பாளையங்கோட்டைக்கு வந்தபோது எனக்கு இரண்டு வயசு. அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்வார். அவர் பேச்சைக் கேட்கத் திரண்ட ஜனத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். முன்னால் வந்தவர்களோடு தனித்தனியாக உட்கார்ந்து பேச உள்ளூர் விசுவாசிகளைப் பல வாரம் பயிற்றுவிப்பதும், வந்தவர் பெயரை அந்தந்த ஊர்ச் சபைக்கு அனுப்புவதும் அவருடைய கூட்டங்களில் இருந்த பெரிய வேலை. வெளியே தெரியாத அந்த வேலையை நாம் விட்டுவிட்டோம். மேடையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவள் நான். அங்கே பல ஊர்களில் கிறிஸ்தவக் கோயில் மணி அடித்தால் ஊரே கூடிவிடும். செட்டிநாட்டில் நமக்கு ஒரு தெருவுக்கு ஒரு வீடுதான், அதுவும் சில தெருக்களில். அங்கே நடப்பதை அப்படியே இங்கே செய்தால் நம் ஆட்களே நம் ஆட்களுக்குப் பிரசங்கம் பண்ணிக்கொண்டு இருப்போம். அதனால் கூட்டத்துக்கு ஆறு வாரம் முன்பே, ஒவ்வொரு குடும்பமும் தங்களுக்குப் பழக்கமான மூன்று பேர் பெயரை எழுதட்டும். பால்காரர், பக்கத்து வீட்டு ஆச்சி, கூட வேலை பார்ப்பவர், யாரானாலும் சரி. தினமும் பெயர் சொல்லி அவர்களுக்காக ஜெபியுங்கள். நோட்டீஸை அவர் கையில் கொடுக்கிற ஆள் ஏற்கெனவே அவருடைய நல்லது கெட்டதுக்குப் போய் வந்தவராக இருக்க வேண்டும். பவுல் எபேசு சபை மூப்பரிடம் பேசும்போது வெளியரங்கமாகவும் வீடுகள்தோறும் உபதேசித்ததைச் சேர்த்தே சொல்கிறார்.

தேதி விஷயம். முகூர்த்த நாளில் வைத்தால் நாற்காலி, ஷாமியானா, சமையல்காரர் எதுவும் நியாயமான வாடகைக்குக் கிடைக்காது. மாசி, பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாக் கூட்டம். போதாததற்குப் பிளஸ் டூ பரீட்சை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆடியில் முகூர்த்தம் இல்லை, பந்தல்காரர் வாடகையைக் குறைப்பார். ஆனால் ஆடிக் காற்றுக்குத் திறந்த மைதானத்தில் பந்தல் நிற்காது. ஆகவே ஆடியில் வைப்பதானால் பள்ளிக்கூட ஹாலைக் கேளுங்கள். அம்மன் கோயில் விசேஷம் நடக்கிற ஆடிச் செவ்வாய், வெள்ளியை விட்டுவிட்டு, சனி, ஞாயிறு, திங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தியாளரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சா. கணேசன் 1939ல் தொடங்கிய கம்பன் விழா நடக்கிற ஊர் இது. சொன்ன நிமிஷத்தில் தொடங்கி, சொன்ன நிமிஷத்தில் முடிப்பதற்குப் பேர்போன விழா. நல்ல தமிழை மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டுப் பழகிய ஜனம் நம்முடையது. அவர்களை ஆறரைக்கு வரச்சொல்லிவிட்டு, ஒன்பது மணிக்குச் செய்தியாளர் மைக்கைப் பிடித்துக் கத்தினால் எழுந்து போகத்தான் செய்வார்கள். சத்தம் போடாமல், கதை சொல்லத் தெரிந்த, முக்கால் மணி நேரத்தில் முடிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் பக்கத்து ஊர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த மாதமும் வந்து போவார்.

1,80,000 ரூபாயில் கூட்டத்துக்குப் பிந்திய வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இந்தத் தடவை பட்ஜெட்டில் முதல் வரியாக அதை எழுதுங்கள். பஸ் கட்டணம், டீ, கொண்டுபோகப் புதிய ஏற்பாடு, சீக்காளி வீட்டுக்குப் பழம். ஃப்ளெக்ஸ் போர்டில் ஒன்றைக் குறைத்தாலே இதற்கு ஆகிவிடும்.

நான் இந்து. என் மனைவியின் தோழி வீட்டில் உங்கள் பத்திரிகையைப் படிப்பேன். எங்கள் தெரு முனையில் வருஷா வருஷம் உங்கள் ஆட்கள் கூட்டம் போடுகிறார்கள். நான்கு குழல் ஸ்பீக்கர், இரவு பதினொன்று வரை. என் அப்பச்சிக்கு எண்பத்திரண்டு வயது. கேட்கப் போனால் மதச் சண்டை ஆகுமோ என்று சும்மா இருக்கிறேன்.
— ஒரு வாசகர், கோட்டையூர்

ஐயா, முதலில் மன்னிக்க வேண்டும். நீங்கள் போய்க் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை, அதில் மதச் சண்டை எதுவும் இல்லை.

2000ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. சில விசேஷ நாட்களுக்கு மட்டும், வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு வரை அரசு விலக்குக் கொடுக்கலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது அளவு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அதே வருஷம் ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், ஒலிபெருக்கி வைத்தும் மேளம் அடித்தும் மற்றவர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்புக் கொடுத்தது. அது சென்னையில் ஒரு சபையைப் பற்றிய வழக்கு. நம் சபையார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் சபையில் குழல் ஸ்பீக்கரை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. ஜனம் உட்கார்ந்திருக்கிற பக்கம் பார்த்து நான்கு பாக்ஸ் ஸ்பீக்கர். ஒன்பதே காலுக்குக் கடைசி ஜெபம். கூட்டத்துக்கு முந்தின வாரம் அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் போய், இன்ன தேதி, இத்தனை மணி வரை, தொந்தரவாக இருந்தால் இந்த நம்பரில் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வருவோம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு ஆச்சி. 1986ல், ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டுக்கு எதிரில் இருந்த காலி இடத்தில் எங்கள் கூட்டம் நடந்தது. அந்த வீட்டில் போய் ஒரு வார்த்தை சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி எட்டு மணிக்கு இடியோடு மழை. பந்தல் ஒழுகி, குழந்தைகளெல்லாம் நனைந்து, ஜமக்காளத்தைச் சுருட்டித் தலையில் போட்டுக்கொண்டு நின்றோம். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஆச்சி அரிக்கேன் விளக்கோடு வாசலுக்கு வந்து, "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு உள்ளே வாங்க, முகப்புல உக்காருங்க" என்றார். ஆத்தங்குடிக் கல் பதித்த அந்த முகப்பில் நாற்பது பேர் சேற்றுக் காலோடு உட்கார்ந்தோம். பிள்ளைகளுக்குச் சுக்குத்தண்ணி வந்தது. மழை விடவில்லை. மைக் இல்லாமல் இரண்டு கீர்த்தனை பாடினோம். ஆச்சி வளவு நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் முகப்பைக் கழுவிக் கொடுக்க நாங்கள் நான்கு பெண்கள் போனோம். அப்போது அவர் கேட்ட கேள்வியை நான் எந்தப் பிரசங்கியாருக்கும் சொல்லாமல் விடுவதில்லை. "ஏன் டீச்சர், பிறவாமை வேணும்னுதானே நாங்க சாமிகிட்ட கேக்குறோம்? உங்க ஆளு நேத்து மறுபடியும் பிறக்கணும், மறுபடியும் பிறக்கணும்னு அத்தனை தரம் சொன்னாரே, அது எதுக்கு?" நிக்கொதேமுக்கு இயேசு சொன்ன அந்த வார்த்தை நமக்குப் பால்ய முதல் பழக்கம். ஒரு சைவ வீட்டில் அதற்கு இன்னொரு பிறவி என்றுதான் அர்த்தம் விழும் என்று அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. உள்ளம் புதிதாவது, கடவுளுக்குப் பிள்ளையாவது என்று அன்று அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசி வரை அவர் திருநீறு பூசி, தேவாரம் பாடியவர்தான். பதினாறு வருஷம் பழகினோம். அன்று பாடிய கீர்த்தனையில் ஒன்றை எழுதித் தரச்சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். ஐயா, உங்கள் தெருவில் கூட்டம் போடுகிறவர்கள் இதைப் படித்தால், இந்தத் தடவை முதலில் உங்கள் அப்பச்சியைப் பார்த்துப் பேசிவிட்டுப் பந்தல்கால் நட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் நாத்தனாருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. போன மாதம் ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் ஜெபித்தவர், விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்று கேட்டாராம். அன்றிலிருந்து மாத்திரை, ஊசி இரண்டையும் நிறுத்திவிட்டாள். நான் சொன்னால் அவிசுவாசி என்கிறாள்.
— ஒரு சகோதரி, தேவகோட்டை

மகளே, இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். இன்சுலினைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அதிகத் தாகம், வாந்தி, மூச்சு வாங்குதல், மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் நாளை வரை காத்திருக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள்.

அவரிடம் வேதத்தை வைத்தே பேசுங்கள். இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கியபோது, போய் ஆசாரியர்களிடம் காண்பியுங்கள் என்று அனுப்பினார். அந்தக் காலத்தில் பரிசோதித்து, சுத்தமானான் என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். எசேக்கியா ராஜா ஜெபித்தார், ஆண்டவரும் கேட்டார். கூடவே அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா. பவுலோடு ஊழியத்துக்குப் போன லூக்கா வைத்தியர். உண்மையிலேயே சர்க்கரை இறங்கியிருந்தால் ரத்தப் பரிசோதனையில் தெரியும். மருந்தைக் குறைக்கிறதை டாக்டரே செய்வார். பரிசோதனைக்கு அஞ்ச வேண்டிய அவசியம் ஆண்டவருக்கு இல்லை என்று சொல்லுங்கள்.

நான் ஜெபத்தில் சுகம் உண்டு என்று நம்புகிறவள். கண்ணால் பார்த்தும் இருக்கிறேன். அதனாலேயே இப்படிப் பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் மேடையில் நோயாளிகளுக்காக ஜெபிக்கிற யாரானாலும், மருந்தை நிறுத்தாதீர்கள் என்று மைக்கில் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குச் சம்மதிக்காதவரை நாங்கள் கூப்பிடுவதில்லை.

எழுப்புதல் கூட்டம், சுவிசேஷக் கூட்டம் இரண்டும் ஒன்றா? எழுப்புதல் வந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?
— ஒரு கல்லூரி மாணவி, சிவகங்கை

ஒன்று அல்ல. சுவிசேஷக் கூட்டம் கேள்விப்படாதவர்களுக்கு. எழுப்புதல் கூட்டம், கேட்டுக் கேட்டுத் தூங்கிப்போன நமக்கு. நோட்டீஸில் எழுப்புதல் என்று போட்டுவிட்டு வெளியாட்களை மட்டும் எதிர்பார்ப்பதால்தான் குழப்பம்.

1860ல் திருநெல்வேலிச் சீமையில், கிறிஸ்டியான்பேட்டை என்ற சிற்றூரில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனைச் சுற்றி ஒரு எழுப்புதல் உண்டானது. மைக் கிடையாது, ஃப்ளெக்ஸ் கிடையாது. ஜனங்கள் அழுது, பாவத்தை அறிக்கை செய்தார்கள். கேரளத்தில் பம்பை ஆற்று மணலில் நடக்கிற மாராமண் கன்வென்ஷன் 1895லிருந்து நடந்து வருகிறது. இவற்றைப் படித்துப் பாருங்கள், நல்லது. ஆனால் நான் பார்த்த எழுப்புதல் ரொம்பச் சின்னது. எங்கள் சபையில் ஒருவர், ஒரு விதவையின் சீட்டுப் பணம் 3,000 ரூபாயை ஏழு வருஷமாகக் கொடுக்காமல் இழுத்தடித்தார். கூட்டத்தின் இரண்டாம் நாள் ராத்திரி, செய்தி முடியுமுன்பே எழுந்து போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தோம். நேரே அந்த அம்மா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, வட்டியோடு கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அன்று கை தூக்கியவர்களில் அவர் இல்லை.

எங்கள் சபையில் இருபத்திரண்டு குடும்பம்தான். கன்வென்ஷன் வைக்கப் பண வசதி இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கம் மூலமாக என்ன விசேஷம் நடத்தலாம்? அக்கம்பக்கத்து ஏழைகளைக் கூப்பிட்டுப் புடவை கொடுத்துச் செய்தி கொடுக்கலாமா? மே மாதப் பள்ளி (விடுமுறையில் பிள்ளைகளுக்கு வேதபாட வகுப்பு) நடத்தலாம் என்றால் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.
— சங்கச் செயலாளர், புதுவயல்

புடவை கொடுக்க மனசு வந்தால் கொடுங்கள். ஆனால் செய்தியோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். வாங்குகிறவர் செய்தியைக் கேட்டே ஆகவேண்டும் என்ற சங்கடத்தோடு உட்கார்ந்திருப்பார். ஊரும் தப்பாகப் பேசும், பேசுவதில் நியாயமும் இருக்கும்.

இருபத்திரண்டு குடும்பத்துக்கு ஏற்ற விசேஷங்கள் உண்டு. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடியோடு பாதயாத்திரை போகிறார்கள். வெறுங்காலோடு நடந்து வருகிற அத்தனை பேருக்கும் தாகம் இருக்கும். சில வருஷமாக எங்கள் பெண்கள் திருப்பத்தூர் சாலையில் ஒரு மரத்தடியில் மோர்ப்பானை வைக்கிறோம். கையில் கைப்பிரதி வைத்துக்கொள்வதில்லை, பேனர் கட்டுவதில்லை. நீங்கள் யார் என்று கேட்டால் மட்டும் சொல்லுவோம். சபையில் இதற்கு எதிர்ப்பு வந்தது. காவடிக்காரருக்கு நாம் ஏன் மோர் ஊற்ற வேண்டும் என்றார்கள். தாகத்தோடு வருகிறவனுக்குத் தண்ணீர் கொடு என்று நமக்குச் சொல்லியிருக்கிறது, அவன் எங்கே போகிறான் என்று விசாரிக்கச் சொல்லவில்லை என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் பதில் சொன்னார். இப்போது எதிர்த்தவர் வீட்டிலிருந்துதான் தயிர் வருகிறது.

ஒருமுறை சங்கத்தாரோடு ஓரியூருக்குப் போய் வாருங்கள். திருவாடானை வழியாகப் போகலாம். கத்தோலிக்கக் குருவான அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4ந் தேதி வெட்டுண்ட இடம். நாம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அது கத்தோலிக்கர் திருத்தலம் என்று நினைக்க வேண்டாம். லிஸ்பனில் பிறந்த மனிதர் காவி உடுத்து, மரக்கறி சாப்பிட்டு, தமிழ் பேசி, இந்த மறவர் சீமையில் கால்நடையாக ஊர் ஊராகப் போயிருக்கிறார். அந்தச் செம்மண்ணில் உட்கார்ந்து அரைமணி நேரம் ஜெபித்துவிட்டு வந்தால், எதைக் கொண்டு விசேஷம் நடத்துவது என்ற கவலை உங்களுக்குக் குறையும்.

அறுப்பின் பண்டிகையில் ஒரு அசனம் (பொது விருந்து) வையுங்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம். ஆளுக்குப் படி அரிசி, வீட்டுக்கு ஒரு காய், ஒரே சமையல், ஒரே பந்தி. அழைக்கிறவர்களை எல்லாத் தெருவிலிருந்தும் அழையுங்கள், தனி வரிசை வேண்டாம். நம் சபைக்குள்ளேயே பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற கணக்கு இன்னும் ஒழியவில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

மே மாதப் பள்ளியைக் கைவிடாதீர்கள். பத்து நாள், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. எந்த வீட்டுப் பிள்ளையானாலும், தாய் தகப்பன் சம்மதம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு நான் வருகிறேன். காரைக்குடியிலிருந்து எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்கு வந்துவிடலாம். ஹார்மோனியம் தேட வேண்டாம், கஞ்சிரா என்னிடம் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னை எண்ணிக்கொள்ளுங்கள். காரம் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும்.